தண்ணீர் காணாத கற்கள்

கனகலதா பிரதானின் வாசலில் மட்டும் கல் கிடையாது. சிமுளிபசியின் தேர்த் தெருவில், கோயில் முகப்பிலிருந்து கடைசி வீடுவரை, பேவர் கற்கள் ஒன்றோடொன்று பல் கோத்துப் பதிந்திருக்கின்றன. அவள் வீட்டு முன்னால் வந்ததும் ஒரு பொக்கை. மழை பெய்தால் அங்கே சேறு, வெயில் அடித்தால் புழுதி. அந்தக் கற்களைச் செய்த மகளிர் குழுவுக்கே அவள்தான் தலைவி. வெளியூர் ஆட்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்: "ஊருக்கெல்லாம் கல்லு போட்டீங்க, உங்க வாசலுக்குப் பத்தலையா?" அவளும் "பத்தலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஊரில் இருப்பவர்கள் அப்படிக் கேட்பதில்லை. அவர்களுக்குத் தெரியும்.

அவள் இந்த ஊருக்கு மருமகளாக வந்தபோது மாமனாருக்கு நெல்வயல் இருந்தது. வயலுக்கு அப்பால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். கரியை எரித்து எடுத்த வெளிச்சம் கம்பிகளில் ஏறி எங்கெங்கோ போய்விட்டது. சாம்பலுக்குப் போக இடமில்லை, அது இங்கேயே தங்கிவிட்டது. சாம்பல் ஏரிக்குக் கரை கட்டினார்கள். கரை உயர்ந்தது, அகன்றது, ஒரு நாள் மாமனாரின் வயலும் அதற்குள் போயிற்று. சித்திரைக் காற்று அடித்தால் நீச்சோற்றுக் கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். அப்படியும் பல்லில் நறநறவென்று படும். புருஷன் பிரகலாத் நிலக்கரி லாரி ஓட்டப் போனான். பத்தாவது வரை படித்த கனகலதா வீட்டில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாள்களைக் கூட விடாமல் படித்தாள்.

வட்டார அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து, சாம்பலை வைத்துக் கல் செய்யலாம் என்று சொன்னபோது கூட்டத்தில் முதலில் எழுந்தவள் அவள்தான். கோயிலின் பின்புறம் கிடந்த தரிசில் பட்டறை போட்டார்கள். கலவை மிக்ஸர் ஒன்று, அச்சுகளை அதிர வைக்கும் மேஜை ஒன்று, ரப்பர் அச்சுகள், தகரக் கொட்டகை. அங்குல் நகரத்தில் பயிற்சி. சிமெண்டில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் சாம்பல் போட வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். ஏரிச் சாம்பல் உதவாது, அது கரடு. புகைபோக்கியில் ஏறும் முன்பே நிலையத்தில் பிடித்து மூட்டை கட்டிய மாவுச் சாம்பல்தான் வேண்டும். ஜல்லி, கிரஷர் பொடி, தண்ணீர் எல்லாம் வழக்கம்போல. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: சாம்பல் போட்ட கல் மெதுவாகத்தான் இறுகும். அச்சிலிருந்து எடுத்த பிறகு வாரக்கணக்கில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் காயவிட்டால் போனது போனதுதான்.

திரும்பி வரும் வேனில் செபதி அதைத் தன் பாணியில் சொன்னாள்: "சிமெண்ட் மாப்பிள்ளை மாதிரி. வந்த அன்னிக்கே விருந்து கேக்கும், அன்னிக்கே முறுக்கிக்கும். சாம்பல் மருமக மாதிரி. மெதுமெதுவாத்தான் வீட்டோட ஒட்டும். ஆனா ஒட்டிட்டா அவதான் வீட்டைத் தாங்கறவ."

வேன் முழுக்கச் சிரித்தது. நிசாமணி என்ற நாக்குநீளக்காரி சொன்னாள்: "மருமகளுக்குத் தண்ணி காட்டாம விட்டா என்ன ஆகும்னு எங்க மாமியார்கிட்டப் போய்ச் சொல்லுடி!"

செபதி நாயக், ஊரின் கோடியில் சாக்கடையைத் தாண்டி இருக்கிற நாயக் சாகியிலிருந்து வந்தவள். சாகி என்றால் தெரு. ஆனால் அதைத் தெரு என்று ஊர் சொல்வதில்லை, தேர் அங்கே போவதில்லை, தண்ணீர்க் குழாய் அங்கே போனதே போன வருடம்தான். அவள் புருஷன் மாகுனி நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை சரிந்து இடுப்புக்குக் கீழே செத்துப்போனவன். கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி ஒன்று அவனுக்குக் கிடைத்திருந்தது. வெயில் காலத்தில் அதில் ஏறி டீக்கடைவரை வருவான், நாலு பேரைக் கிண்டல் பண்ணுவான், திரும்பிப் போவான். மழை விழுந்ததும் சாகியின் களிமண் சக்கரத்தை விழுங்கிவிடும். பிறகு வண்டி தூணில் கட்டிக் கிடக்கும், மாகுனி பாயில் கிடப்பான். கார்த்திகை மாதம் வரும்வரை அவன் உலகம் ஒரு கூரையும் நாலு சுவரும்தான்.

பட்டறையில் சேர்ந்த அன்றைக்கே செபதி கேட்டது ஒன்றே ஒன்று: "எங்க சாகிக்கும் கல்லு போடுவாங்களா, சாந்தாணி?"

சாந்தாணி என்றால் எஜமானியம்மா. கனகலதாவுக்குச் சுருக்கென்றது. "சாந்தாணி கீந்தாணி எல்லாம் வீட்டோட. இங்க அபான்னு கூப்பிடு. இங்க எல்லாரும் அக்கா தங்கச்சிதான்" என்றாள். பிறகு, "முதல் கல்லே உங்க சாகியிலதான் விழும். மழைக்கு முன்னாடி மாகுனி வண்டி ஓடணும். போதுமா?" என்றாள்.

செபதி அன்றிலிருந்து அவளை அபா என்றாள். அந்த ஒரு சொல்லில் கனகலதாவுக்கு ஏக பெருமை. பட்டறையைப் பார்க்க அதிகாரிகள் வந்தால் சாம்பலைக் காட்டுவாள், கல்லைக் காட்டுவாள், கடைசியில் சொல்வாள்: "எங்க பட்டறையில ஜாதி கிடையாது சார்." அவர்கள் கைதட்டுவார்கள்.

மதியம் எல்லோரும் கொட்டகைக்குள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது செபதி சிமெண்ட் மூட்டை ஓரமாக உட்கார்வாள். அவள் டம்ளர் தனியாக ஜன்னல் கம்பியில் தொங்கும். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. கனகலதாவின் கண் இதையெல்லாம் பார்த்தது. பார்த்ததை மனசுக்குள் அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருந்தது. பட்டறைக்குத் தண்ணீர் கோயில் நிலத்து மோட்டார் அறையிலிருந்து வந்தது. சாமிக்கு அமுது சமைக்கவும் அதே தண்ணீர்தான், அதே அறைக்குள் அதற்குத் தனி அண்டா. அறைச் சாவி கனகலதாவின் முந்தானை முடிச்சில் இருக்கும். அவளோ நிசாமணியோ உள்ளே போய் மோட்டாரைப் போடுவார்கள். செபதி வெளியே ரப்பர் குழாயைப் பிடித்துக் கற்களை நனைப்பாள். குழாயின் ஒரு முனை எப்போதும் அவள் கையில்தான். மறு முனைக்கு அவள் ஒரு நாளும் போனதில்லை.

ஆனி மாதம் பிறக்கும்போது ரஜ பண்டிகை வந்தது. பூமிக்கு மாதவிலக்கு என்று ஊரே கொண்டாடும் நாட்கள். ஏர் பூட்டக் கூடாது, மண்வெட்டி எடுக்கக் கூடாது. பெண்களுக்கு அம்மி, உலக்கை, அடுப்பு எல்லாவற்றிலிருந்தும் விடுதலை. புதுச்சேலை, ஊஞ்சல், வாய் நிறைய வெற்றிலை. முன்தினம் சாயங்காலம் பட்டறையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. தகரக் கொட்டகை அனல் கக்கியது.

"நாளையிலேர்ந்து மிஷினுக்கும் லீவு, நமக்கும் லீவு!" என்றாள் நிசாமணி.

"கல்லுக்கு லீவு கிடையாதே அக்கா" என்றாள் செபதி. "இந்த வாரம் போட்டதெல்லாம் பச்சைப் புள்ளைங்க. இந்த வெயில்ல ஒரு நாள் விட்டாக்கூட உறிஞ்சிடும். நீங்கல்லாம் ஊஞ்சல் ஆடுங்க. எங்க சாகியில ஊஞ்சல் கட்ட மரம் எங்க இருக்கு? நான் காலையிலயும் சாயங்காலமும் வந்து நனைச்சிட்டுப் போறேன். சாவியை மட்டும் குடுங்க அபா."

நிசாமணி துடைப்பத்தைப் பிடித்தபடி கனகலதாவைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தேவையே இல்லை. செபதி தனியாக அந்த அறைக்குள் போவாள், அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பாள், சுவிட்சைத் தொடுவாள். அதுவும் பண்டிகை நாளில். நாளைக்குப் பூசாரி கேட்பார், ஊராட்சித் தலைவர் கேட்பார், தெருவே கேட்கும். இதெல்லாம் ஒரு நொடியில் கனகலதாவின் தலைக்குள் ஓடிவிட்டது.

"வேணாம் செபதி. ரஜ நாளு. பூமித்தாய் தீட்டா இருக்கா. இந்த நாள்ல மண்ணு மேல தண்ணி ஊத்தக் கூடாது."

செபதி புருவத்தைச் சுருக்கினாள். "உழக்கூடாதும்பாங்க, வெட்டக்கூடாதும்பாங்க. தண்ணி ஊத்தக் கூடாதுன்னு நான் கேள்விப்பட்டதில்லையே?"

"எங்க பக்கம் அப்படித்தான்."

"சரி அபா" என்றாள் செபதி. டம்ளரை ஜன்னல் கம்பியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்படி ஒரு வழக்கம் அந்தப் பக்கத்திலும் இல்லை, எந்தப் பக்கத்திலும் இல்லை. நின்ற இடத்தில் நின்றபடி கனகலதா ஒரு சாஸ்திரத்தை உண்டாக்கினாள். சாதி என்று சொல்ல அவள் வாய் கூசியது, அதனால் பூமியின் மீது பழியைப் போட்டாள். பூமி மறுத்துப் பேசப் போவதில்லை. சாஸ்திரங்கள் பலவும் இப்படித்தான் பிறந்திருக்கும்: எவரோ ஒருவர் தன் கோழைத்தனத்துக்கு ஒரு தெய்வத்தைத் துணைக்குக் கூப்பிட்டிருப்பார்.

பண்டிகை அமோகமாக நடந்தது. ஆலமரத்தில் கட்டிய ஊஞ்சலில் கனகலதாவை உட்கார வைத்து நிசாமணி பின்னாலிருந்து தள்ளினாள். ஊஞ்சல் மேலே போகும்போது பட்டறையின் சுற்றுச்சுவருக்கு அப்பால் கல் அடுக்குகள் தெரிந்தன. மேலே போர்த்திய சாக்குகள் முதல் நாளே வெளுத்திருந்தன. கீழே வரும்போது தெரியாது. மேலே போனால் மறுபடி தெரியும். முந்தானையில் சாவி இடுப்பெலும்பில் இடித்துக்கொண்டே இருந்தது.

"இன்னும் உசரமாத் தள்ளட்டா?" என்றாள் நிசாமணி.

"வேணாம், இறங்கறேன். தலை சுத்துது."

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் ஊஞ்சல் பக்கம் போகவில்லை. பட்டறைப் பக்கமும் போகவில்லை. எழுந்து போய்த் தானே மோட்டாரைப் போட்டிருக்கலாம். ஆனால் தான் சொன்ன பொய்யைத் தானே மீறுவதை யாராவது பார்த்துவிட்டால்? வீட்டுக்குள், பண்டிகைக்கென்று முன்பே சுட்டு வைத்த பொடப்பிட்டா அப்பம் மணத்தது. வெல்லமும் தேங்காயும் கருகிய அந்த மணம் அவளுக்கு எப்போதும் பிடிக்கும். அந்த வருடம் அவள் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை.

பண்டிகை முடிந்து பட்டறையைத் திறந்தபோது, கடைசி வாரத்துக் கற்கள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தன. நல்ல கற்கள் இரண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினால் கிண்ணென்று கேட்கும். செபதி இரண்டைத் தட்டினாள். மரக்கட்டையில் தட்டியது போல 'தொப்' என்றது. விரலால் விளிம்பைத் தேய்த்தாள். மாவாக வந்தது.

"இனிமே நல்லா நனை. இறுகிடும்" என்றாள் கனகலதா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த வாரம் ஊராட்சித் தலைவர் துர்யோதன் கடநாயக் தன் வீட்டு முற்றத்தில் கூட்டம் போட்டார். ரதயாத்திரை நெருங்குகிறது. சித்திரையிலும் வைகாசியிலும் செய்து நன்றாக இறுகிய கற்கள் தேர்த் தெருவுக்கு வேண்டும் என்றார்.

"அது நாயக் சாகிக்குன்னு பேசினது..." என்று கனகலதா இழுத்தாள்.

"தேருக்கு எடை இருக்கு மருமகளே. சாமி ஏறி வர்ற வண்டி. மாகுனி வண்டிக்கு என்ன எடை? ஆளே ஒரு புடி எலும்பு." முற்றம் சிரித்தது. துர்யோதன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தொடர்ந்தார்: "பழைய கல்லு நமக்கு, புதுக் கல்லு அவங்களுக்கு. எவனாவது குறை சொல்ல முடியுமா? ஊருக்கு முந்தி அவங்களுக்கு ஒரு நாளாவது புதுசு கிடைச்சிருக்கா?"

எல்லோருக்கும் பொதுவான சாமி என்று பாட்டுப் பாடி இழுக்கிற தேர் அது. படிக்குக் கீழே, வெயிலில், செபதி நின்றுகொண்டிருந்தாள். கனகலதாவுக்குத் தெரியும், புதுக் கல் என்றால் எந்தக் கல் என்று. அந்த முற்றத்தில் அதைச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். தலையாட்டினாள்.

வண்டியில் ஏற்றும்போது செபதி ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். "அபா, இது சத்தம் செத்த கல்லு."

"மழை விழுந்தா தண்ணி குடிச்சுத் தேறிடும்."

"தேறுமா?"

"தேறும்னு சொல்றேன்ல."

நாயக் சாகியில் கல் பதித்த நாள் திருவிழா மாதிரி இருந்தது. மாகுனி வாசலில் வண்டியில் உட்கார்ந்துகொண்டு மேஸ்திரி வேலை பார்த்தான். "ஏய், கோணலா வைக்காதடா, என் வண்டி அப்புறம் உன் மாமியார் வீட்டுக்குப் போயிடும்!" முடிந்ததும் முதல் சவாரி அவனுடையதுதான். டீக்கடைவரை நிற்காமல் ஓட்டினான். கடையில் இருந்தவர்களைப் பார்த்து, "அடுத்த மாசம் ஹெட்லைட் போடறேன், வழி விடுங்கடா" என்றான். கனகலதாவைக் கண்டதும் இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டான். அவள் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டாள்.

மழை ஒரே வாரத்தில் இறங்கியது. தேர்த் தெருக் கற்கள் கழுவிவிட்டாற்போல் மின்னின. நாயக் சாகிக் கற்கள் முதலில் முனை உதிர்ந்தன, பிறகு நடுவில் விண்டன, பிறகு சாம்பல் நிறக் கூழாக வழிந்தன. மாகுனியின் வண்டிச் சக்கரம் ஒரு விரிசலுக்குள் இறங்கி, வண்டி பக்கவாட்டில் சாய்ந்து, அவன் முகம் குப்புற விழுந்தான். உடல் முழுக்கச் சாம்பல் சேறு. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனபோது அவன் சொன்னான்: "சாம்பலாப் போறதுக்கு இன்னும் நாளிருக்குன்னு நெனச்சேன். முன்னாடியே பூசிவிட்டுட்டாங்க." தூக்கினவர்கள் சிரிக்கவில்லை. வண்டியைத் தூணில் கட்டினார்கள்.

வட்டார அலுவலகத்து இளநிலைப் பொறியாளர் வந்தார். ஒரு கல்லை எடுத்துக் கையாலேயே இரண்டாக ஒடித்தார்.

"கலவை யாரு போடறது?"

"செபதி" என்றார் துர்யோதன். "சிமெண்டைக் குறைச்சு சாம்பலை அள்ளிக் கொட்டியிருப்பா. சொந்தத் தெருவுக்கே பண்ணியிருக்கா பாருங்க, என்ன நெஞ்சழுத்தம்!"

"படிக்காதவங்க கையில அளவை விட்டா இப்படித்தான்" என்றார் பொறியாளர், கல்லைக் கீழே போட்டுக் கையைத் தட்டிக்கொண்டு.

செபதி அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. கனகலதாவைப் பார்த்தாள்.

"நான் அளவு தப்பினேனா? சாந்தாணி சொல்லட்டும்."

சாந்தாணி. அந்தச் சொல் மறுபடி வந்து விழுந்தது. கோபமாகக் கூட இல்லை. இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பது போல, அபா என்ற சொல்லை அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கனகலதாவின் கை முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவள் வாயிலிருந்து வந்தது இது: "கொஞ்ச நாளைக்கு... மிக்ஸர் வேணாம். ஜல்லி சுமக்கட்டும்."

அன்று அவள் வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிரகலாத், "பல்லுல சாம்பல் படுதா?" என்று கேட்டான். "ஆமா" என்றாள்.

அதன் பிறகு அவள் வெட்கம் நாளுக்கு நாள் குறையவில்லை, கூடியது. செபதி ஒரு வார்த்தை பேசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் பேசவே இல்லை. ஜல்லிக் கூடையைத் தலையில் ஏற்றுவாள், கொட்டுவாள், மறுபடி ஏற்றுவாள். "ஓரமாப் போங்க சாந்தாணி" என்பாள், அவ்வளவுதான். சண்டை போட்டவர்களோடு சமாதானமாகலாம், மரியாதை கொடுப்பவளிடம் என்ன செய்வது? மதியம் ஜன்னல் கம்பியில் அந்த டம்ளர் தொங்கியது. இப்போது கனகலதாவால் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மழைக்கு நடுவில், மாவட்டத்திலிருந்து ஒரு அம்மையார் பட்டறையைப் பார்க்க வந்தார். பெரிய அதிகாரி. கூடவே அந்தப் பொறியாளர், துர்யோதன், ஒரு புகைப்படக்காரர். கழிவிலிருந்து கல், பெண்களின் உழைப்பு என்றெல்லாம் பேசிவிட்டு, "உங்க பட்டறையில ஒரு விசேஷம் உண்டாமே, சொல்லுங்க" என்றார்.

"எங்க பட்டறையில..." என்று கனகலதா தொடங்கினாள். வழக்கமான வாக்கியம் தானாகவே வாய்வரை வந்துவிட்டது. அப்போது செபதி ஜல்லிக் கூடையோடு அவர்களுக்கு நடுவே கடந்து போனாள். புகைப்படத்தில் விழக் கூடாதென்று தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

"எங்க பட்டறையில ஜாதி இருக்கு மேடம்" என்றாள் கனகலதா.

புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார்.

"என்ன மருமகளே, வெயிலே இல்ல, தலை சுத்துதா?" என்றார் துர்யோதன்.

"நாயக் சாகிக் கல்லு உடைஞ்சதுக்குச் சாம்பல் காரணமில்ல, செபதியும் காரணமில்ல. தேர்த் தெருக் கல்லுக்கும் கலவை அவதான் போட்டா, அது நிக்குதே! ரஜ நாள்ல கல்லு தண்ணியில்லாமக் காஞ்சது. அவ வந்து நனைக்கிறேன்னு சாவி கேட்டா. நான் குடுக்கலை. காஞ்ச கல்லுன்னு தெரிஞ்சே அவ தெருவுக்கு அனுப்பினேன்."

அதிகாரி சங்கடமாகப் புன்னகைத்தார். "ரஜ பண்டிகைதானே... அது நம்ம கலாசாரம். தெரியாமச் செஞ்சது..."

"ரஜ மேல போடாதீங்க மேடம். நானும் அதைத்தான் பண்ணினேன். அவ நாயக் ஜாதி. அந்த ரூமுக்குள்ள கோயில் அண்டா இருக்கு. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு பூமிக்குத் தீட்டுன்னேன்." அவள் செபதியின் பக்கம் திரும்பினாள். "வெக்கப்பட வேண்டிய இடத்துல படலை. தப்பான இடத்துல பட்டுட்டேன்."

பொறியாளர் தன் செருப்பைப் பார்த்தார். நிசாமணி வாயில் இருந்த வெற்றிலையை மெல்லாமல் நின்றாள். துர்யோதன் மட்டும், "குடும்ப விஷயத்தைச் சபையில பேசற பொம்பளை நல்லா இருக்கமாட்டா" என்றார்.

செபதி கூடையை இறக்கி வைத்தாள். அழவில்லை. கனகலதா ஒருவேளை எதிர்பார்த்த மாதிரி ஓடி வந்து கையைப் பிடிக்கவும் இல்லை. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உள்ளங்கையை நீட்டினாள்.

"சாவி."

முடிச்சு மழை ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. கனகலதா பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"கோயில் தண்ணி!" என்று துர்யோதன் ஒரு அடி முன்னால் வந்தார்.

"கோயிலுக்கு நீங்க வேற குழாய் போட்டுக்கங்க துர்யோதன் பாபு" என்றாள் கனகலதா.

அப்படியே நடந்தது. பூசாரி அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார். கொஞ்ச நாள் குளத்துத் தண்ணீரில் அமுது சமைத்தார். பிறகு புதுக்குழாய் போட்டுக்கொண்டார்கள். பூமி பிளக்கவில்லை, சாமி ஊரைவிட்டுப் போகவில்லை. பட்டறையிலிருந்து இரண்டு பெண்கள் மட்டும் நின்றுவிட்டார்கள். நிசாமணி நின்றுவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் நிற்கவில்லை. ஏன் என்று கேட்டால், "வீட்டுல மாமியார் இருக்காளே" என்றாள்.

ஆனால் மாகுனிக்கு அந்த மழைக்காலம் போனது போனதுதான். புதுக்கல் செய்து, அது இறுகி, மழை நின்ற பிறகுதான் சாகியைத் திரும்பக் கிளற முடியும். கனகலதாவால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு காலை கடப்பாரையை எடுத்துத் தன் வாசல் கற்களை நெம்பத் தொடங்கினாள். பிரகலாத் பல் தேய்த்தபடியே வாயைத் திறந்துகொண்டு நின்றான். தள்ளுவண்டியில் ஏற்றி, சாக்கடையைத் தாண்டி, நாயக் சாகிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அத்தனை வருடத்தில் அந்தத் தெருவுக்குள் அவள் சேற்றில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

செபதி கற்களைப் பார்த்தாள். "எதுக்கு? எங்க கல்லை நாங்களே செஞ்சுக்கறோம். இதை எடுத்துட்டுப் போங்க."

கனகலதா நின்றாள். திரும்பப் போகவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. மழை தூறியது. உள்ளே பாயிலிருந்து மாகுனி கத்தினான்: "ஏய், கல்லு என்ன பாவம் பண்ணிச்சு? அதுவும் நீ செஞ்சதுதானே! வாசல்ல சரிவாப் போட்டா, திண்டாடாம வண்டியில ஏறி உக்காந்து மழையாவது பாப்பேன்."

வாசல் சரிவுக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது. செபதி கல் வைத்தாள். கனகலதா மணல் எடுத்துக் கொடுத்தாள். சாகிப் பெண்கள் வாசல்களில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி, "பிரதான் வீட்டம்மாவுக்கு மண்ணெடுக்க வருதே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கனகலதா அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டாள். முன்பு வாங்கிக்கொண்ட கும்பிடைவிட அது அவளுக்கு உரியதாக இருந்தது.

கார்த்திகையில் சாகி முழுவதும் புதுக்கல் விழுந்தது. அத்தனையும் செபதி கலந்தது, செபதி நனைத்தது. கனகலதாவின் வாசலுக்குப் போடக் கற்கள் மீதி இருந்தன. அவள் வேண்டாமென்றுவிட்டாள்.

அடுத்த ரஜ வந்தது. அந்த வருடமும் மழை தாமதம். ஆலமரத்தில் ஊஞ்சல் கட்டினார்கள், நிசாமணி கூப்பிட்டாள். கனகலதா போகவில்லை. ஒரு தட்டில் பொடப்பிட்டாவை வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே மோட்டார் ஓடும் சத்தம், கல்லின் மேல் தண்ணீர் விழும் சத்தம். இது அவள் சாவியில் திறக்கிற இடம் இல்லை இப்போது. வெளியே நின்று கதவைத் தட்டினாள்.

செபதி திறந்தாள். முழங்கால்வரை ஈரம். தட்டைப் பார்த்தாள், ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள்.

"அடி கருகிடுச்சு" என்றாள் மென்றுகொண்டே. "ஆனா நல்லாத்தான் இருக்கு."

கனகலதாவுக்குக் கேட்க வேண்டும் போல் இருந்தது, ஒரு தடவை அபா என்று கூப்பிடுவாயா என்று. கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பொருள் இல்லை அது. ஒரு தடவை அப்படித்தான் கேட்டு வாங்கினாள்.

செபதி ரப்பர் குழாயை அவள் கையில் திணித்தாள்.

"நான் போய் மோட்டாரைப் பாக்கறேன், சத்தம் மாறுது. நீங்க அந்தக் கோடி அடுக்கை நனைங்க சாந்தாணி. ஓரம் வெளுக்குது பாருங்க."

கனகலதா செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் இறங்கினாள். தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெளுத்த கல் கறுத்துக்கொண்டே வந்தது.